ஒரே பிறப்பாக்கியில் எல்லா எண்களும்: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே, என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். முதுகலைக் கணிதம் படிப்பவர்கள், நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பள்ளி ஆசிரியர். தேநீரும் வர்க்கியும் தீர்ந்த பிறகுதான் நல்ல கேள்விகள் வரும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது இது: ஓர் இயற்கணித எண்ணை, அது வாழும் களத்தின் பிறப்பாக்கியில் பல்லுறுப்புக்கோவையாக எழுதுவது எப்படி? கரும்பலகையில் நான் எழுதிக் களைத்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வழக்கமாகக் கிரேக்க எழுத்தான தீட்டாவால் குறிக்கும் பிறப்பாக்கியை 'த' என்றும், மாறியை 'ய' என்றும் எழுதுகிறேன்.

எண் களம், பிறப்பாக்கி என்றால் என்ன?

விகிதமுறு கெழுக்கள் கொண்ட, பூச்சியமல்லாத ஒரு பல்லுறுப்புக்கோவையின் மூலமாக இருக்கும் எண் இயற்கணித எண். √2 அப்படிப்பட்டது, பை அப்படிப்பட்டதல்ல. விகிதமுறு எண்களோடு இப்படிச் சில எண்களைச் சேர்த்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றால் கிடைக்கும் எல்லாவற்றையும் திரட்டினால் ஓர் எண் களம் கிடைக்கும். ஒரே ஓர் எண்ணைச் சேர்த்தாலே முழுக் களமும் வந்துவிடுமானால் அந்த எண் அதன் பிறப்பாக்கி.

ஊட்டியில் யாரிடம் வழி கேட்டாலும் சேரிங்கிராஸிலிருந்துதான் சொல்லத் தொடங்குவார்கள். மார்க்கெட்டா, ரோஜா பூங்காவா, எதுவானாலும் அங்கிருந்து இடதோ வலதோ. பிறப்பாக்கியும் அப்படித்தான்: ஒரே இடத்தில் நின்றுகொண்டு களத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் வழி சொல்ல முடிகிறது. அந்த வழியைச் சொல்லும் மொழிதான் பல்லுறுப்புக்கோவை.

ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

√2, √3 இரண்டையும் சேர்த்த களத்தை எடுத்துக்கொள்வோம். த = √2 + √3 என்க. அப்போது

√2 = (த³ − 9த)/2
√3 = (11த − த³)/2
√6 = (த² − 5)/2

சரிபார்க்கக் கால்குலேட்டர் போதும். த ஏறத்தாழ 3.14626 (பைக்குப் பக்கத்தில் வந்து ஏமாற்றும், ஆனால் பை அல்ல). த³ ஏறத்தாழ 31.1448, 9த ஏறத்தாழ 28.3164, வித்தியாசத்தில் பாதி 1.4142.

√2, √3 சேர்த்த களம் ஒன்று, த மட்டும் சேர்த்த களம் ஒன்று; வழிகாட்டி நூல்கள் பல "இரு களங்களும் சமம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் பொறுமை இல்லை. சமம் என்றால் √2 எங்கே இருக்கிறது, காட்டு என்று கேட்பதுதான் இந்த வகுப்பின் வழக்கம்.

களத்தில் வகுத்தலும் உண்டே, ஏன் பல்லுறுப்புக்கோவை மட்டுமே போதும் என்கிறீர்கள்?

வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிக்கொள்ள முடிவதால். மேலே உள்ள த நிறைவு செய்யும் சிறுமப் பல்லுறுப்புக்கோவை (த-வை மூலமாகக் கொண்டவற்றில் மிகக் குறைந்த படியுள்ளது) ய⁴ − 10ய² + 1. அதாவது த⁴ − 10த² + 1 = 0. இதை த(10த − த³) = 1 என்று மாற்றி எழுதுங்கள். 1/த என்பது 10த − த³ ஆகிவிட்டது. வேறொன்றுமில்லை, பள்ளியில் பகுதியிலுள்ள வர்க்கமூலத்தை நீக்கினோமே, அதே வேலைதான்: 1/(√3 + √2) = √3 − √2.

பொதுவாகச் சொன்னால், த-வின் சிறுமப் பல்லுறுப்புக்கோவை பகுக்க முடியாதது. ஆகவே அதைவிடக் குறைந்த படியுள்ள, பூச்சியமல்லாத எந்தக் கோவைக்கும் அதற்கும் பொது வகுத்தி 1 மட்டுமே. மீப்பெரு பொது வகுத்தி காணும் யூக்ளிடின் முறையைப் பின்னோக்கி நடத்தினால் தலைகீழி கையில் வந்துவிடும். படி நான்கானால் 1, த, த², த³ என்ற நான்கே போதும். த⁴ தலைகாட்டும்போதெல்லாம் 10த² − 1 என்று இறக்கிவிடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. இரண்டு எண்கள் சமமா என்று பார்க்க நான்கு கெழுக்களை ஒப்பிட்டால் போதும். கணினிக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

கையால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழிகள் சொல்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் போனால் மாலை வரை வராது என்பதால், இரண்டையும் மாணவர்கள் நோட்டிலேயே செய்து பழகியிருக்கிறார்கள்.

முதல் வழி நேரியல் இயற்கணிதம். களத்துக்கு 1, √2, √3, √6 என்ற அடிக்கணம் தெரியும்; அதாவது களத்தின் ஒவ்வோர் எண்ணையும் இந்த நான்கின் விகிதமுறு மடங்குகளின் கூடுதலாக ஒரே விதத்தில் எழுதலாம். த-வின் அடுக்குகளை அதில் எழுதுங்கள்:

த = √2 + √3
த² = 5 + 2√6
த³ = 11√2 + 9√3

√2 வேண்டுமானால் த-வும் த³-உம் மட்டும் போதும், ஏனென்றால் மற்ற இரண்டிலும் √2, √3 வருவதே இல்லை. த-வின் கெழு அ, த³-இன் கெழு ஆ என்க. √2-இன் கெழுக்களை ஒப்பிட்டால் அ + 11ஆ = 1; √3-இன் கெழுக்களை ஒப்பிட்டால் அ + 9ஆ = 0. கழித்தால் 2ஆ = 1. ஆ = 1/2, அ = −9/2. முடிந்தது.

இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடித்தது. √2 என்ற எண்ணைப் பற்றி நமக்கு இரண்டு செய்திகள் தெரியும். அது ய² − 2 என்பதன் மூலம். த − √2 என்பது √3 ஆகையால், அது (த − ய)² − 3 என்பதன் மூலமும்கூட. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்: ய² மறைந்து, த² − 2தய − 1 மிஞ்சுகிறது. இது பூச்சியமாக வேண்டும். ஆகவே

√2 = (த² − 1)/(2த)

இரண்டே வரி. பின்னமாக இருப்பது பிடிக்காவிட்டால் 1/த = 10த − த³ என்று போட்டுப் பெருக்கி, த⁵ = 10த³ − த என்று குறைத்தால் பழைய (த³ − 9த)/2 வந்து நிற்கும். ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

இங்கே நடந்தது என்னவென்றால், இரண்டு கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தியை, கெழுக்களில் த-வை அனுமதித்துக் கண்டோம். அது ஒருபடிக் கோவையாக வந்ததால் மூலத்தை நேரே வாசித்துவிட்டோம். பெரிய களங்களிலும் இதே வழிதான். வகுத்தல் மட்டும் நீளும்.

ஒற்றைப் பிறப்பாக்கி எப்போதும் கிடைக்குமா?

எண் களங்களில் எப்போதும் கிடைக்கும். எத்தனை இயற்கணித எண்களைச் சேர்த்தாலும், எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால், ஒன்றே போதும். இதன் கரு லக்ராஞ்சியிடமும் கால்வாவிடமும் இருக்கிறது. ஒரு சமன்பாட்டின் எல்லா மூலங்களையும் அவற்றைக் கொண்டு அமைத்த ஒரே ஓர் அளவால் எழுதலாம் என்பது கால்வா 1831இல் பாரிஸ் அகாதெமிக்கு அளித்த கட்டுரையின் தொடக்கத் துணைத் தேற்றங்களில் ஒன்று. பரிசீலித்த புவாசோன், கட்டுரை போதிய தெளிவுடன் இல்லை என்று திருப்பிவிட்டார். அடுத்த ஆண்டே கால்வா இருபது வயதில் இறந்துபோக, 1846இல்தான் லியூவில் அதை அச்சிட்டார். பொதுவான களங்களுக்கு இந்தக் கோட்பாட்டை ஒழுங்காக அமைத்தவர் ஸ்டைனிட்ஸ், 1910இல். பகா எண் சிறப்பியல்பு கொண்ட (அதாவது 1-ஐ ஒரு பகா எண் தடவை கூட்டினால் பூச்சியமாகிவிடும்) சில களங்களில் ஒற்றைப் பிறப்பாக்கி கிடைக்காமல் போவதும் உண்டு. நம் களங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நிரூபணம் சொல்லும் வழி எளியது: இரண்டு எண்களைச் சேர்த்த களமானால், முதலாவதோடு இரண்டாவதின் ஒரு மடங்கைக் கூட்டு. எந்த மடங்கு? சில மடங்குகள் மட்டுமே கெட்டவை. முதல் எண்ணின் இணை மூலங்களுக்கிடையிலான (அதே சிறுமப் பல்லுறுப்புக்கோவையின் மூலங்களுக்கிடையிலான) வித்தியாசத்தை இரண்டாவதின் இணை மூலங்களுக்கிடையிலான வித்தியாசத்தால் வகுத்தால் வருபவை மட்டும். அவை முடிவுள்ள எண்ணிக்கை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பெரும்பாலும் நல்லதே கிடைக்கும். √2, √3 களத்தில் இது இன்னும் தெளிவு: √2, √3, √6 மூன்றில் குறைந்தது இரண்டின் கெழுக்கள் பூச்சியமல்லாத எந்த எண்ணும் பிறப்பாக்கிதான்.

அப்படியானால் எப்போது தப்பாகும்?

ய³ − 2 இன் மூலங்களை எடுங்கள்: ∛2, ஓ∛2, ஓ²∛2. இங்கே ஓ என்பது 1இன் கனமூலம், (−1 + √−3)/2. மூன்றையும் சேர்த்த களத்தின் படி (அதன் பிறப்பாக்கியின் சிறுமப் பல்லுறுப்புக்கோவையின் படி) 6. ஒரு மாணவி முதல் இரண்டையும் கூட்டிப் பிறப்பாக்கி என்றாள். ஆனால் மூன்று மூலங்களின் கூடுதல் பூச்சியம். எனவே அந்தக் கூடுதல் −ஓ²∛2. அதன் கனம் −2. படி மூன்றுதான். களத்தின் பாதி மட்டுமே கையில் வந்தது.

"அப்படியானால் கழித்துப் பார்க்கட்டுமா மிஸ்?" என்றாள். கழித்தாள். அங்கேதான் அழகு இருந்தது.

த = ∛2 − ஓ∛2 = ∛2(1 − ஓ) என்க. (1 − ஓ)³ = −3√−3. ஆகவே த³ = −6√−3, த⁶ = −108. சிறுமப் பல்லுறுப்புக்கோவை ய⁶ + 108. இவ்வளவு சுத்தமான கோவை வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இனி எல்லாம் தானாக வருகிறது:

√−3 = −த³/6
∛2 = த/2 − த⁴/36
ஓ∛2 = −த/2 − த⁴/36
ஓ²∛2 = த⁴/18

முதல் வரி மேலே உள்ளதே. இரண்டாவதற்கு ∛2 = த/(1 − ஓ) என்று தொடங்கி, 1/(1 − ஓ) = (1 − ஓ²)/3 என்பதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, இரண்டாவதிலிருந்து த-வைக் கழித்தது. நான்காவது, மற்ற இரண்டின் கூடுதலுக்கு எதிர்க்குறி. மூன்று மூலங்களையும் கூட்டினால் பூச்சியம் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் சரிபார்ப்பும் முடிந்தது. ஒரு சமன்பாட்டின் எல்லா மூலங்களும் ஒரே எண்ணின் கோவைகளாக வரிசையாக நிற்பதைத்தான் கால்வா அந்தத் துணைத் தேற்றத்தில் சொன்னார். தேற்றத்தை மனப்பாடம் செய்தவர்களிடம் இந்த நான்கு வரிகளைக் காட்டினால் அன்றைக்குத்தான் புரிந்தது என்பார்கள்.

எந்தப் பிறப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பர்லியாறு, குன்னூர் வழியாகவும் போகலாம், கோத்தகிரி வழியாகவும் போகலாம். சேரும் இடம் ஒன்றே. வயிறு கலங்குவது எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

√2, ∛2 இரண்டையும் சேர்த்த களத்தைப் பாருங்கள். நிரூபணம் சொன்னபடி கூட்டினால் த = √2 + ∛2. (த − √2)³ = 2 என்பதை விரித்து √2 உள்ளவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினால்

√2 = (த³ + 6த − 2)/(3த² + 2)

என்று வரும். வர்க்கப்படுத்தினால் சிறுமப் பல்லுறுப்புக்கோவை ய⁶ − 6ய⁴ − 4ய³ + 12ய² − 24ய − 4. இந்தப் பின்னத்தைக் கோவையாக மாற்ற 3த² + 2 இன் தலைகீழியைக் காண வேண்டும். ஒரு பக்கம் நிறையும்.

இப்போது கூட்டாமல் வகுத்துப் பாருங்கள். √2/∛2 என்பது 2இன் ஆறாம் மூலம், ஏனென்றால் 1/2 − 1/3 = 1/6. அதை த என்று வைத்தால் த⁶ = 2, √2 = த³, ∛2 = த². அவ்வளவுதான். தேற்றத்தின் நிரூபணம் கூட்டச் சொன்னதால் கூட்டியே தீர வேண்டும் என்பதில்லை. நிரூபணம் காட்டுவது ஒரு பாதை இருக்கிறது என்பதை. நல்ல பாதையை நாம்தான் பார்க்க வேண்டும்.

பின்னமாகவே விட்டுவிட்டால் குற்றமா?

குற்றமில்லை, பல நேரங்களில் அதுவே புத்திசாலித்தனம். கோவை வடிவத்தில் கெழுக்களின் பகுதிகள் பெருத்துவிடும். அதற்கு ஓர் அருமையான மாற்று உண்டு. த-வின் சிறுமப் பல்லுறுப்புக்கோவை ப(ய) முழு எண் கெழுக்களுடன், தலைக்கெழு 1 ஆக இருக்கட்டும். அதன் வகைக்கெழு ப′(ய). களத்தின் எந்த இயற்கணித முழு எண்ணை (முழு எண் கெழுக்களும் தலைக்கெழு 1-உம் கொண்ட கோவையின் மூலத்தை) எடுத்தாலும், அதை ப′(த)-வால் பெருக்கினால் வருவது முழு எண் கெழுக்கள் மட்டுமே கொண்ட கோவை. அதாவது, பின்னம் என்ற ஒரே சுமையை ப′(த) என்ற பொதுப் பகுதியில் இறக்கி வைத்துவிடலாம்.

நம் பழைய எடுத்துக்காட்டில் ப′(த) = 4த³ − 20த. √2-ஐ இதனால் பெருக்கினால் 8த² + 8. ஆகவே √2 = (8த² + 8)/(4த³ − 20த). இவ்வளவு சிறிய களத்தில் லாபம் தெரியாது, உண்மைதான். படி முப்பது நாற்பது என்று போகும்போது தெரியும். பல மாறிச் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் விடைகளை இந்த வடிவில் தருவது இதனால்தான். இந்த வடிவத்தின் பழைய வேர் குரோனெக்கரிடம் இருக்கிறது. 1999இல் ரூய்யே இதைக் கணினிக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார்.

இயற்கணித முழு எண் என்றால் கெழுக்களும் முழு எண்களாக இருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை, எல்லோரும் ஒரு முறை இதில் விழுவோம். (1 + √5)/2 ஓர் இயற்கணித முழு எண், ய² − ய − 1 இன் மூலம். √5-ஐப் பிறப்பாக்கியாக வைத்தால் பாதி வந்தே தீரும். அந்த எண்ணையே பிறப்பாக்கியாக வைத்தால் பாதி மறைந்துவிடும்.

அப்படி எப்போதும் மாற்றிக்கொண்டு தப்பிக்கலாமா? முடியாது என்று 1878இல் டெடிகிண்ட் காட்டினார். அவர் கொடுத்த களம் ய³ − ய² − 2ய − 8 இன் மூலம் த-வால் ஆனது. அதில் (த + த²)/2 ஓர் இயற்கணித முழு எண். ய³ − 3ய² − 10ய − 8 இன் மூலம். கோவையின் தன்மைகாட்டி (மூலங்களுக்கிடையிலான வித்தியாசங்களின் வர்க்கங்களைப் பெருக்கினால் வருவது) −2012, களத்தின் இயற்கணித முழு எண்கள் அனைத்தையும் கொண்டு கணக்கிடும் களத்தின் தன்மைகாட்டி −503. இடையிலுள்ள 4 தான் அந்தப் பாதிக்குக் காரணம். த-வை விட்டு வேறு எந்த இயற்கணித முழு எண்ணைப் பிறப்பாக்கியாக எடுத்தாலும் ஏதாவது ஓர் இயற்கணித முழு எண்ணின் கெழுவில் பகுதியாக 2 வந்து உட்கார்ந்துகொள்ளும். களத்தின் குணமே அது. நாம் சரியாகத் தேடவில்லை என்பதல்ல.

ஓர் எண் அந்தக் களத்தில் இருக்கிறதா என்று முதலில் எப்படித் தெரிந்துகொள்வது?

படியைப் பார்ப்பது முதல் வடிகட்டி. களத்தின் படியை எண்ணின் படி மீதியின்றி வகுக்க வேண்டும். √2 + √3 இன் களத்தின் படி 4. ∛2 இன் படி 3. அங்கே அதற்கு இடமில்லை. வடிகட்டியில் தேறியது எல்லாம் உள்ளே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது: ஓ∛2 இன் படியும் 3 தான், ஆனாலும் ∛2 இன் களத்தில் அது இல்லை. அந்தக் களத்தில் எல்லாம் மெய்யெண்கள். உறுதியான சோதனை வேண்டுமானால், எண்ணின் சிறுமப் பல்லுறுப்புக்கோவையைக் களத்தின் மேல் காரணிப்படுத்த வேண்டும். ஒருபடிக் காரணி கிடைத்தால் அதன் மூலம் உள்ளே இருக்கிறது.

சில களங்களில் ஒரு மூலம் இருந்தால் மற்றவையும் கூடவே வரும். ஏழு பக்கச் சீர்பலகோணத்திலிருந்து வரும் ய³ + ய² − 2ய − 1 அப்படி. த = 2 கோசைன்(360°/7) ஒரு மூலமானால் மற்ற இரண்டும் த² − 2, 1 − த − த². முதலாவது, கோணத்தை இரட்டிக்கும் வாய்ப்பாடுதான். இரண்டாவது, மூலங்களின் கூடுதல் −1 என்பதிலிருந்து வருவது.

பார்த்தால் வெளியே இருப்பதுபோலத் தெரிந்து உள்ளே இருக்கும் எண்களும் உண்டு. √(5 + 2√6) என்பது வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம்; உண்மையில் அது √2 + √3 மட்டுமே. இராமானுஜனின் அடுக்கு மூலச் சமன்பாடு ஒன்றும் இந்த வகை:

∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9)

முதலில் பார்க்கிறவர்கள் வாயடைத்துப்போவார்கள். த = ∛2 என்று வைத்து இருபுறமும் ∛9-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ∛(9(த − 1)) = 1 − த + த². ஒன்பது படி இருக்கும் என்று எண்ணத் தோன்றும் இடப்பக்கம், மூன்று படிக் களத்துக்குள் ஓர் எளிய இருபடிக் கோவை. நிரூபணமும் குட்டி. 1 + த³ = 3 ஆகையால் 1 − த + த² = 3/(1 + த). (1 + த)³ = 3 + 3த + 3த². ஆகவே கனம் 27/(3(1 + த + த²)) = 9/(1 + த + த²). த³ − 1 = 1 என்பதால் அது 9(த − 1). கும்பகோணத்துக்காரர் இதை எப்படிக் கண்டார் என்று கேட்காதீர்கள். கண்ட பிறகு நாம் சரிபார்க்க இவ்வளவு போதும்.

கணினி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்?

கணினியைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். பிரான்ஸின் போர்தோவில் உருவான பாரி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேஜ் என்ற மென்பொருள்கள் இரண்டுமே எண் களங்களில் தேர்ந்தவை. இரண்டு களங்களைச் சேர்த்துப் பிறப்பாக்கி தரும். பழைய பிறப்பாக்கிகளைப் புதியதில் எழுதிக் காட்டும். கெழுக்கள் சிறியதாக இருக்கும்படி வேறு பிறப்பாக்கியும் தேடித் தரும்.

தசம எண்களிலிருந்தே கோவையைப் பிடிக்கும் முறையும் உண்டு. √2, 1, த, த², த³ ஐந்தையும் ஐம்பது தசம இடங்களுக்குக் கொடுத்தால், அவற்றை இணைக்கும் முழு எண் தொடர்பு ஒன்றை அது தேடும்: 2√2 + 9த − த³ = 0. 1982இல் லென்ஸ்த்ரா சகோதரர்கள் இருவரும் லோவாசும் வெளியிட்ட லாட்டிஸ் (சீராக அடுக்கிய புள்ளிகளின் வலை) குறைப்பு முறை இதன் அடிப்படை. எச்சரிக்கை ஒன்று: வந்தது ஊகம் மட்டுமே. குறைவான இடங்களைக் கொடுத்தால் பொய்த் தொடர்புகளும் அழகாக வந்து நிற்கும். கிடைத்த கோவையைச் சிறுமப் பல்லுறுப்புக்கோவையில் போட்டு, த⁴ முதலியவற்றைக் குறைத்து, சரியாகப் பூச்சியம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். ஒரு முறை நானே பன்னிரண்டு இடங்களை நம்பி, வகுப்பின் நடுவில் பலகையை அழித்திருக்கிறேன்.

ஒரே கோவை, இரண்டு விடைகள் வருகின்றனவே?

எந்த மூலத்தை த என்கிறீர்கள் என்று சொல்லாததால். ய⁴ − 10ய² + 1 க்கு நான்கு மூலங்கள்: √2, √3 இரண்டுக்கும் குறிகளை விருப்பம்போல் மாற்றினால் வருபவை. √3 − √2-ஐ த என்று எடுத்தால் (த³ − 9த)/2 தருவது −√2. இயற்கணிதத்துக்கு இந்த நான்கும் ஒன்றே. தசம மதிப்பு வேண்டுமென்றால் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இது தேர்வுக்கு வருமா?

√2 + √3 வரும். மற்றவை வந்தால் அதிர்ஷ்டம்.

√2 + √3 + √5 க்கும் இதே வழியா?

அதே வழிதான், கொஞ்சம் மூச்சு வாங்கும். கோத்தகிரி ஆசிரியர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது கேட்ட கேள்வி இது. அடுத்த வாரம் விடையோடு வந்தார். களத்தின் படி 8, சிறுமப் பல்லுறுப்புக்கோவை ய⁸ − 40ய⁶ + 352ய⁴ − 960ய² + 576. த-வின் ஒற்றைப்படை அடுக்குகளில் √2, √3, √5, √30 மட்டுமே வரும் என்பதால் எட்டுக்குப் பதில் நான்கு வரிகள் போதும். கெழுக்களை அதே வரிசையில் தருகிறேன்:

த: 1, 1, 1, 0
த³: 26, 24, 20, 6
த⁵: 784, 664, 520, 200
த⁷: 23024, 18976, 14720, 5936

இவற்றிலிருந்து

√2 = (த⁷ − 28த⁵ − 56த³ + 960த)/576

√30 நிரலை மட்டும் சரிபார்த்துக் காட்டுகிறேன்: 5936 − 28 × 200 − 56 × 6 = 0. மற்ற மூன்று நிரல்களையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். √3-க்கும் √5-க்கும் இதே அட்டவணைதான். சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் 1 நிற்கும் இடம் மட்டும் மாறும்.